அவர் வந்தா நான் வர்றேன்

அத்தியாயம் 19

போன வாரம் எக்ஸ்ரே அக்காவைக் காலை ஏழே காலுக்கு, கையும் ஃபோனுமாகச் சமையலறையில் நிறுத்திவிட்டுப் போனோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். டீ ஆறிப்போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபோனில் வந்திருந்த செய்தியை அவள் நாலாவது தடவையாகப் படித்தாள். 'சாரிக்கா. திடீர்னு வெளியூர் டிரிப் போட்டுட்டாங்க. பசங்களும் என்கூடத்தான் வர்றாங்க. கோவிச்சுக்காதீங்க.'

எழுதியவர் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் டிரைவர். தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அப்பாவை நாற்காலியோடு தூக்கி, நாலு மாடியும் இறக்கி வேனில் ஏற்றுகிறேன் என்று மார்தட்டியவர். நாலு பேர் வேண்டிய இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

இன்று பதினொரு மணிக்குள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அங்கே மறுவாழ்வு வார்டில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. வரிசைப்படி அப்பாவின் முறை வந்திருக்கிறது. மூன்று வாரம் அங்கே வைத்துப் பயிற்சி கொடுத்தால் அவர் ஊன்றுகோலோடு நடக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதினொரு மணிக்கு நோயாளி நேரில் இல்லையென்றால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி முறை வர ஒரு வருஷமும் ஆகலாம். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. ஒரு வருஷத்தை நம்பி உட்கார முடியாது.

ஆஸ்பத்திரி வேன் பத்தேகாலுக்கு வாசலுக்கு வந்துவிடும். வாசலோடு சரி. மாடி ஏறி ஆளை இறக்குவது அவர்கள் வேலை இல்லை.

லிஃப்ட் என்று ஒன்று இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏழு மாதமாக முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. தேர்தலுக்கு அடுத்த மாதம் நின்றது. அந்தத் தேர்தலில் கட்டடம் இரண்டாகப் போனது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் குடைக் கட்சி: எல்லாருக்கும் எல்லாரும். மீதிப் பேர் சாவிக் கட்சி: அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும், ஊர் தானாக உருப்படும்.

லிஃப்டைப் பழுது பார்க்கச் சொல்லிக் கட்டட உரிமையாளருக்கு மனு கொடுக்க வேண்டும். இருபத்து நாலு வீட்டில் பதினாறு கையெழுத்து வேண்டும். குடைக்காரர்கள் ஒரு மனு எழுதினார்கள், பதினொரு கையெழுத்து. சாவிக்காரர்கள் வேறொரு மனு எழுதினார்கள், அதிலும் பதினொன்று. இரண்டு மனுவிலும் ஒரே கோரிக்கை, கிட்டத்தட்ட ஒரே எழுத்துப்பிழை. ஆனால் அடுத்தவன் தாளில் கை வைக்க எவனுக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் படி ஏறுகிறார்கள்.

எதிலும் கையெழுத்துப் போடாத இரண்டு வீட்டில் ஒன்று அக்காவுடையது. இந்தத் தாளில் போட்டால் இந்தப் பக்கத்து ஆள் என்பார்கள், அந்தத் தாளில் போட்டால் இந்தப் பக்கத்துக்குத் துரோகி என்பார்கள் என்று பயந்தாள். விளைவு, இரண்டு பக்கத்துக்கும் அவள் ஆகாதவள் ஆனாள். கட்டடத்தின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்தபோது அவள் எதிர்க் குழுவில் இருப்பாள் என்று ஒவ்வொரு குழுவும் நினைத்துக்கொண்டது. ஒன்றிலும் அவளைச் சேர்க்கவில்லை. தண்ணீர் நிற்கப்போகிறது என்ற செய்தி வந்தால் இருபத்து மூன்று வீட்டில் வாளி நிறைந்திருக்கும். அவள் வீட்டில் மட்டும் குழாய் இருமும்.

அக்கா ஆறிய டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகப் போறோம்பா. இந்த நீலச் சட்டை போட்டுக்கலாமா?"

"இல்ல" என்றார் அப்பா.

அவள் நீலச் சட்டையையே மாட்டிவிட்டாள். அவர் வலது கையைத் தூக்கி ஒத்துழைத்தார்.

முதல் வாதம் பதினாலு மாதத்துக்கு முன் அவருடைய இடது கையையும் இடது காலையும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது வாதம் ஆறு மாதத்துக்கு முன் வந்து பேச்சை எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவர், குடைக் கட்சி ஊர்வலம் என்றால் மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும்படி கோஷம் போட்டவர், இப்போது எல்லாவற்றுக்கும் 'இல்ல' என்கிறார். தண்ணீர் வேண்டும் என்றால் 'இல்ல'. போதும் என்றாலும் 'இல்ல'. ஜன்னலைத் திற, முதுகு வலிக்கிறது, நீ சாப்பிட்டாயா, எல்லாம் அதே 'இல்ல'தான். இழுப்பிலும் ஏற்றத்திலும் அக்காவுக்கு அர்த்தம் புரிந்துவிடும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் புரியும். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

எட்டு மணிக்கு அவள் மூன்றாம் மாடிக்கு இறங்கினாள்.

மூன்றாம் மாடியில் தையல்காரர் வீடும் கணக்கு வாத்தியார் வீடும் எதிரெதிர். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். பதினாலு மாதத்துக்கு முன் அப்பாவை முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு இறக்கிய நாலு பேரில் இவர்கள் இரண்டு பேர். அன்றைக்குக் கரண்ட் போய் லிஃப்ட் ஓடவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லை. சத்தம் கேட்டு அவர்களாகவே ஓடி வந்தார்கள். இரண்டாவது வாதத்துக்கு டாக்டர்தான் படி ஏறி வந்தார்.

தையல்காரர் இருக்கிற இடம் தெரியாமல் துணிக்குள் உட்கார்ந்திருந்தார். வாயில் இரண்டு ஊசி. விஷயத்தைக் கேட்டதும் ஊசியை எடுத்துவிட்டு எழுந்தார்.

"ஐயாவுக்காகவா? இதைக் கேக்கணுமாக்கா? நான் முதன்முதல்ல கட்சிக் கொடி தைச்சதே அவர் சொல்லித்தான்."

"அப்ப ஒன்பதே முக்காலுக்கு வந்துடறீங்களா அண்ணா?"

"வந்துடறேன். வேற யாரு யாரு வர்றாங்க?"

"எதிர் வீட்டு சாரைக் கேக்கலாம்னு இருக்கேன்."

தையல்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

"அவரா? அவர் எங்கக்கா வரப்போறாரு. அவங்க கட்சியே அதுதானே, நீ உன் வீட்டைப் பாரு, நான் என் வீட்டைப் பாக்கறேன். போன மாசம் மாடித் தொட்டி கழுவினாங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாரா?"

"அவங்க குரூப்புல போட்டிருப்பாங்க, நீங்க அதுல இல்லையே."

"எதிர்க் கதவுதானே, தட்டினா என்ன? இங்க பாருங்க. நான் நம்பி ஒரு பக்கம் தூக்கணும், அவர் பாதிப் படியில 'எனக்கு நேரமாச்சு'ன்னு விட்டுட்டுப் போனா ஐயா கதி என்ன ஆகறது? அவர் வந்தா நான் வர்றேன். சும்மா சொல்லலை. அவர் வந்தா கட்டாயம் வர்றேன்."

அக்கா ஆறடி நடந்து எதிர்க் கதவைத் தட்டினாள்.

கணக்கு வாத்தியாருக்கு அவளைவிட எட்டு வயது கூட. இருந்தாலும் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"தாராளமா வர்றேன்" என்றார் வாத்தியார். "உங்கப்பா கொள்கை வேற, எங்க கொள்கை வேற. அதுக்காக மனுஷன் இல்லன்னு ஆயிடுமா? யாரு யாரு பிடிக்கறாங்க?"

"தையல்காரர்..."

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

அக்கா எதிர்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா. எனக்குத் தெரியும். தப்பா நெனைக்காதீங்கக்கா. எல்லாருக்கும் எல்லாரும்னு சுவத்துல எழுதறவங்க அவங்கதான். தொட்டி கழுவற அன்னிக்கு யாரு இருந்தா? நானும் என் வாளியும். பொதுன்னு பேசறவன் பொது வேலைன்னா காணாமப் போயிடறான். நான் மட்டும் போய் நின்னு ஏமாந்தவன் ஆகணுமா? அவர் வர்றாருன்னு சொல்லுங்க, அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டறேன்."

கதவு மூடவில்லை. எதிர்க் கதவும் மூடவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்தான், வரத் தயாராகத்தான் இருக்கிறார்கள். நடுவில் நின்ற அக்காவுக்குத்தான் எங்காவது தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் நெஞ்சுக்கூட்டை அவள் படம் எடுத்திருக்கிறாள். எதிலும் குடை தெரிந்ததில்லை. சாவி ஒரே ஒரு தடவை தெரிந்தது, அது ஒரு குழந்தை விழுங்கியது. உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியதுண்டு.

அவள் நாலாம் மாடிக்குப் போனாள். ஐந்து நிமிஷம் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து மறுபடி கீழே வந்தாள்.

"சார் வர்றேன்னுட்டாரு" என்றாள் தையல்காரரிடம்.

"நெஜமாவா?"

"உங்களுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டாரு."

ஆறடி நடந்தாள். "தையல்காரர் வர்றேன்னுட்டாரு சார். முதல்ல அவர்தான் சொன்னாரு."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆச்சரியமா இருக்கே" என்றவர், சொன்னபடியே சட்டையை எடுக்க உள்ளே போனார்.

நோயாளிகளிடம் 'வலிக்காது' என்று சொல்வதைத் தவிர அக்கா பொய் சொல்லி வெகு காலம் ஆகிறது. காது மடல் சூடாகிவிட்டது. ஆனாலும் வேலை நடந்தது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

நாலாவது ஆளுக்கு என்ன செய்வது? அன்றைக்குத் தூக்கிய நாலு பேரில் வாட்ச்மேன் வேலையை விட்டுப் போய்விட்டார். மிச்சம் ஒருவன்தான். அவன் பெயரைக்கூட அவள் நினைக்க விரும்பவில்லை. அவன் இரண்டாம் மாடியில் இருக்கிறான். அவளுடைய தம்பி.

ஒன்பதே முக்காலுக்கு அப்பாவைக் கை வைத்த மர நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். ஆண்கள் இருவரும் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, படிக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக இறங்க வேண்டும். பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டிய இடத்தில் அக்கா மட்டும் நின்றாள்.

"நீங்க ஒண்டியா முடியுமாக்கா?" என்றார் வாத்தியார்.

"தினமும் மெஷினைத் தள்ளறவதானே சார். நான் சொல்லச் சொல்ல இறங்குங்க."

எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்துவிட்டது.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

நாற்காலி மேலே எழுந்தது. ஒரு படி இறங்கினார்கள்.

"விடுங்க."

தையல்காரர் விட்டுவிட்டார்.

நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. வாத்தியார் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தார். அப்பா வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'இல்ல இல்ல' என்றார். அதற்கு அர்த்தம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதானேக்கா விடுங்கன்னீங்க" என்றார் தையல்காரர், முகம் வெளுத்து.

"மூச்சைண்ணா. மூச்சை விடச் சொன்னேன்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தையல்காரரும் சிரித்துவிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அப்போதுதான். அதன் பிறகு அக்கா 'பிடிங்க' மட்டும் சொன்னாள்.

சிரித்ததால் பேச்சு வளர்ந்தது, அதுதான் வினையாகப் போனது.

"முதல்ல நீங்கதான் வர்றேன்னு சொன்னீங்களாமே, சந்தோஷம்" என்றார் வாத்தியார்.

"நானா? நீங்கதான் முதல்ல ஒத்துக்கிட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க."

"நான் எப்ப சொன்னேன்? நீங்க வந்தா வர்றேன்னேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுப் படியில் நாற்காலி நின்றது. இரண்டு பேரும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

"பொய்தான் சொன்னேன்" என்றாள். "வேற வழி தெரியலை. திட்டறதா இருந்தா கீழ போனதும் திட்டுங்க. இப்ப கையை மட்டும் விட்டுடாதீங்க."

தையல்காரருக்குக் கோபம்தான். ஆனால் அவர் விட்டால் வாத்தியார் விழுவார், வாத்தியார் விட்டால் அவர் விழுவார். கோபத்தை வைத்துக்கொண்டே அடுத்த படிக்குக் காலை வைத்தார். வாத்தியாரும் வைத்தார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்காவின் வலது மணிக்கட்டு கைவிட்டது. விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. எப்படியோ முழங்காலைக் கொடுத்து நாற்காலியைத் தரையில் இறக்கினாள்.

"முடியலை" என்றாள். "ரெண்டு நிமிஷம்."

மணி பத்தாக இரண்டு நிமிஷம் இருந்தது. கீழே இன்னும் இரண்டு மாடி.

"தம்பி வீட்டுலதான் இருக்காரு, ஷூ கெடக்கு" என்றார் தையல்காரர்.

"வேண்டாம்ணா."

"சாவிக்காரன்னு பாக்கறீங்களா?" என்றார் வாத்தியார், சற்றுக் காரமாக.

"நான் கட்சியைப் பாக்கலை சார். பெத்தவர் பேச்சில்லாமக் கெடக்கறாரு, ஆறு மாசமா அவன் ஒரு தடவை ஏறி வரலை. கட்சிதான் பெரிசுன்னு அவன்தான் பாத்தான்."

விஷயம் இதுதான். தேர்தல் வாரத்தில் சாப்பாட்டு மேஜையில் தம்பி தான் சாவிக்கு ஓட்டுப் போடப்போவதாகச் சொன்னான். 'சாவிக்காரனுக்கு என் வீட்டுல தட்டு கெடையாது' என்றார் அப்பா. தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் அக்கா சுவரைப் பார்ப்பாள், அவன் ஃபோனைப் பார்ப்பான். அவள் தினமும் நாலு தடவை அவன் வாசலைத் தாண்டுகிறாள். உள்ளே டிவி சத்தம் கேட்டால் நடையை வேகமாக்குவாள். தனியாக இருப்பதைவிட, ஆள் இருந்தும் தனியாக இருப்பது இன்னும் பொல்லாதது.

மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

அப்பாதான். நாற்காலியை இறக்கிய இடம் தம்பியின் கதவுக்கு ஒட்டினாற்போல இருந்தது. வலது கையை எட்டி, மணிப் பொத்தானில் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. தம்பி ஓட்டுநர் பள்ளிச் சீருடையில் இருந்தான், கையில் பாதி தின்ற ரொட்டி.

"இல்ல" என்றார் அப்பா அவனைப் பார்த்து. "இல்ல. இல்ல."

தம்பியின் முகம் சுருங்கியது. "பாத்தியா" என்றான் அக்காவிடம். எட்டு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "இன்னும் அதேதான். வாசல் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போறாரு."

"எது அதே?"

"நான் வந்தேனே. நீ வேலைக்குப் போயிருந்த நேரம். பேச்சு போச்சுன்னு நீ ஃபோன்ல சொல்லிட்டு வெச்சுட்ட. ஒரு மாசம் கழிச்சு மனசு கேக்காம ஏறி வந்து, என்கிட்ட இருந்த சாவியால கதவைத் திறந்தேன். 'உள்ள வரட்டுமாப்பா'ன்னு கேட்டேன். பேச்சே இல்லாத மனுஷன், என்னைப் பாத்ததும் அச்சடிச்ச மாதிரி 'இல்ல'ன்னாரு. எனக்குன்னு ஒரு வார்த்தையை மிச்சம் வெச்சிருந்து சொல்றாருன்னு திரும்பிப் போயிட்டேன்."

அக்கா நாற்காலியைச் சுற்றி அவன் முன்னால் வந்தாள்.

"அவருக்கு மிச்சம் இருக்கறதே அந்த ஒரு வார்த்தைதான்டா" என்றாள். "தண்ணி வேணும்னாலும் அதான். வேண்டாம்னாலும் அதான். வான்னாலும் அதான்."

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா வலது கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"இதை ஏன் நீ சொல்லலை?"

"நீ ஏன் கேக்கலை?"

அவன் கேட்டால் சொல்லலாம் என்று அவள் இருந்தாள். அவள் சொன்னால் வரலாம் என்று அவன் இருந்தான். இடையில் இரண்டு மாடி, முப்பத்தாறு படி. அவள் வாயைத் திறந்திருந்தால் ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்திருக்கும். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கோபம் மட்டும் இல்லை. அந்த 'இல்ல'வைப் புரிந்துகொள்ளும் ஒரே ஆளாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பத்தாச்சு" என்றார் வாத்தியார் மெல்ல.

தம்பி ரொட்டியைக் கதவு மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தான். கதவு மேலே எப்படி வைக்க முடியும்? கீழேதான் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை.

"அந்தப் பக்கம் நகருக்கா" என்றான். "நான் பின்னால பிடிக்கறேன். அண்ணே, சார், ரெண்டு பேரும் அவசரப்படாதீங்க. ப்ரேக்ல கால் வெச்ச மாதிரியே இறங்கணும்."

நாலு பேரானதும் நாற்காலி காகிதம் போல இறங்கியது. இரண்டு மாடிக்கு ஏழே நிமிஷம். வேன் கிளம்பும்போது தையல்காரரும் வாத்தியாரும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரும் அக்காவுக்குக் கையாட்டவில்லை. பொய் சொன்னவளுக்கு எதற்குக் கையாட்ட வேண்டும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பத்து ஐம்பதுக்கு அப்பாவின் பெயர் கட்டில் அட்டையில் ஏறியது. அவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு அது ஒரு சின்ன அட்டைதான்.

"கூட இருக்கறது யாரு?" என்று நர்ஸ் கேட்டார். "மூணு வாரமும் ஒருத்தர்தான் இருக்கணும். மாத்தி மாத்தி வந்தா பயிற்சிக்கு ஒத்து வராது."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"இவர்தான் போல" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"நீ வீட்டுக்குப் போய்த் தூங்குக்கா" என்றான் தம்பி. "நான் லீவு சொல்லிட்டு இங்கயே இருக்கேன். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

பதினாலு மாதமாக யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தை அது. வந்தபோது அவளுக்கு அழுகைதான் முட்டியது. மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எந்த 'இல்ல'வுக்கு எது அர்த்தம் என்று எழுதப் பார்த்தாள். எழுத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் படி ஏறினாள். மூன்றாம் மாடியில் நின்றாள். நன்றி சொல்ல வேண்டும். எந்தக் கதவை முதலில் தட்டுவது? எதைத் தட்டினாலும் எதிர்க் கதவின் கண்ணாடித் துளையில் ஒரு கண் இருக்கும். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. வாத்தியார் யாருக்கோ ஃபோனில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இரண்டையும் தட்டாமல் மேலே போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் வழக்கம் போல, "வந்துட்டேன்பா" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

படுக்கையை உதறினாள். ஜன்னலைத் திறந்தாள். இந்த நேரத்துக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூன்றுக்கு மாத்திரை, மூன்றரைக்குக் கால் பிடித்துவிட வேண்டும். இன்றைக்கு எதுவும் இல்லை. தூங்கலாம். அவள் நிம்மதியாகத் தூங்கிப் பல மாதம் ஆகிறது. படுத்துப் பார்த்தாள். யாரும் கூப்பிடாத வீட்டில் எப்படித் தூங்குவது என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. நாற்பத்தாறு வயது. கூப்பிட்டுப் பேச ஒரு பெயர் கிடைக்குமா என்று ஃபோனைத் தள்ளிப் பார்த்தாள். சலவைக்காரர், மருந்துக் கடை, வேன். அதற்குக் கீழே தம்பி.

அவள் கையில் இருக்கும்போதே ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்காரு. நான் பதிவுப் பிரிவுலேர்ந்து பேசறேன். ஒரு சின்ன விவரம் சரி பாக்கணும். மூணு வாரம் கழிச்சு அனுப்பும்போது எந்த வீட்டுக்குன்னு இப்பவே குறிக்கணும். அங்க கைப்பிடி, பலகை எல்லாம் பொருத்த ஆள் வருவாங்க."

"நாலாவது மாடி. இருபத்தொண்ணாம் நம்பர்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"இங்க ரெண்டாவது மாடி, ஒன்பதாம் நம்பர்னு போட்டிருக்கே."

அது தம்பியின் வீடு.

"யார் போட்டது?" என்றாள் அக்கா.

"உங்க தம்பி ரெண்டு வீட்டு நம்பரையும் எழுதித்தான் காட்டினாரு மேடம். ஐயாதான் விரலை வெச்சுக் காட்டினாரு."

"தெரியாம வெச்சிருப்பாரு."

"இல்லைங்க. தாளைத் திருப்பி வெச்சு மறுபடியும் கேட்டோம். ரெண்டு தடவையும் அதே நம்பர்தான். இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டது நீங்கன்னு இருக்கறதால உங்க சம்மதம் ஒண்ணு வேணும். சரின்னு போட்டுக்கலாமா?"

எட்டு மாதமாகத் தம்பி மேல் கோபம் இருந்தது. கட்டடத்து மேல் இருந்தது, கட்சிகள் மேல் இருந்தது, நின்றுபோன லிஃப்ட் மேல் இருந்தது. முதல் தடவையாக இப்போது அப்பா மேல் வந்தது. என்னை ஏன்பா வேண்டாம்னுட்டீங்க என்று கேட்க வேண்டும் போல இருந்தது. உதறி விரித்த கட்டிலில் யாரும் இல்லை.

"மேடம்" என்றது ஃபோன். "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் அக்கா.